நாமும் நானும்: நாஞ்சில் நாட்டு வரலாற்றில் தன்னுணர்வின் வளர்ச்சி

1. தோற்றுவாய்

பேசுவோனைக் குறிக்கும் இடத்திற்குத் தமிழ் இலக்கண நூலார் 'தன்மை' என்று பெயரிட்டனர். ஒரு பொருளின் இயல்பைச் சுட்டும் சொல்லும் அதுவே. பேசுவோன் தன்னைச் சுட்டும்பொழுது தன் இயல்பையும் உடன் சுட்டுகின்றான் என்னும் கருத்து இப்பெயரீட்டில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம். தொல்காப்பியம் கூறும் தன்மைப் பெயர்கள் யான், யாம், நாம் என்னும் மூன்றே. 'நான்' அந்நூலுள் இடம்பெறவில்லை. நன்னூலார் அதனையும் சேர்த்து நான்காக எண்ணினார். பன்மைப் பெயர்கள் இரண்டனுள் 'யாம்' என்பது கேட்போரை விலக்கி நிற்கும். 'நாம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தி நிற்கும். 'யாம்' என்பதற்கு 'யான்' ஒருமையாக இருத்தலை நோக்கி, 'நாம்' என்பதற்கும் ஓர் ஒருமையாக 'நான்' பிற்காலத்து அமைந்தது என்பது மொழிநூலார் சிலர் கொள்கை. இக்கொள்கையின்படி, இன்று தனிமனிதன் தன்னைக் குறிக்க வழங்கும் சொல், பலரையும் உளப்படுத்தும் சொல்லினின்று பிறந்ததாகும்.

மொழியில் நிகழ்ந்த இம்முறை வாழ்விலும் நிகழ்ந்ததா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தன்னை ஒரு தனி ஆளாக உணர்தல், தனக்கெனப் பெயரும் உடலும் உரிமையும் உண்டு எனத் துணிதல் ஆகியன பிறப்போடு தாமே வருவனவா? அன்றிப் பிறரோடு கூடி வாழும் வாழ்வில் ஈட்டப்படுவனவா? இவ்வினாவை உளநூலார் பலவாறு ஆராய்ந்துள்ளனர். நாம் இதனை ஒரு சிறு நிலப்பகுதியின் வரலாற்றில் வைத்துக் காண முயல்கின்றோம்.

நாஞ்சில் நாடு என்பது பழைய திருவிதாங்கூர் அரசின் தென்கோடியில் அமைந்த தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களையும் பெரும்பாலும் குறிக்கும். நாஞ்சில் வள்ளுவனைப் பாடிய புறநானூற்றுப் பாடல்களால் இதன் தொன்மை தெளிவாகும். நெல் விளையும் மருதமும், மலையடிவாரமும், பனை நிறைந்த தேரிநிலமும், கடற்கரையும் சில காதத் தொலைவுக்குள் அடங்கிய நாடு இது. வயல் உடையாரும், அவ்வயலில் உழைத்த அடிமையாரும், பனையேறிகளும், பரதவரும் அருகருகே வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் தீண்டாமல் வாழ்ந்த நாடும் இதுவே. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இவ்விரு வட்டங்களோடு கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் சேரக் கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று. அதற்கு முன்னைய நூற்றைம்பது ஆண்டுகளே நம் ஆய்வின் எல்லை.

2. சான்றுகளின் இயல்பு

தன்னுணர்வின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதற்கண் ஓர் இடர்ப்பாடு தோன்றும். தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்தவர் அந்நாளில் மிகச் சிலர். பெரும்பாலோரைப் பற்றி நமக்குக் கிடைப்பன பிறர் எழுதியவையே. அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் காக்கப்பட்ட ஓலைகள் நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்குத் தலையாய சான்றுகள். சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953இல் பெருநூல் வெளியிட்ட கே. கே. பிள்ளை அவர்கள் இவ்வோலைகளைப் பெரிதும் பயன்கொண்டார். நாட்டார் ஊர்தோறும் கூடி, வரிக்கொடுமையை எதிர்த்துச் செய்துகொண்ட முடிவுகள் அவற்றுள் உள. அடிமைகளை விற்றும் ஒற்றிவைத்தும் எழுதிய ஆவணங்களும் உள.

நாட்டுக் கூட்டத்தின் ஓலைகளில் பேசுவோர் தன்மைப் பன்மையில் நின்று பேசுகின்றனர். அரசன்முன் தம் வழக்கை எடுத்துரைக்கின்றனர். அடிமை ஆவணங்களிலோ அடிமையாயினோர் என்றும் படர்க்கையிலேயே நிற்கின்றனர். அவர்தம் பெயர் உண்டு; குலம் உண்டு; விலை உண்டு. அவர்கள் கூற்று ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் காக்கப்பட்ட ஓலைக்கட்டுக்குள் ஒரு சாரார் 'தன்மை'யிலும் மற்றொரு சாரார் 'படர்க்கை'யிலும் அமைந்திருத்தல் கருதத்தக்கது. ஆவணத்தில் கூற்று இல்லாமையால் அவர்க்குத் தன்னுணர்வும் இல்லை எனக் கொள்ளுதல் பெரும்பிழையாகும். அவர்கள் வாய் திறந்த இடங்களை வேறு சான்றுகளில் தேடுதலே ஆய்வாளர் கடன்.

3. மறுக்கப்பட்ட தன்மைப் பெயர்

அவர்கள் வாய் திறந்தாலும் எவ்வாறு பேச வேண்டும் என்பதற்கு விதி இருந்தது. 1859இல் திருவிதாங்கூருக்கு வந்த இலண்டன் மிசன் தொண்டர் சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட தம் நூலில் இவ்விதிகளைக் குறித்து வைத்துள்ளார். புலையர் மேலோர் முன்னிலையில் 'நான்' என்று சொல்லலாகாது. 'அடியன்' என்றே சொல்லல் வேண்டும். தம் சோற்றைச் சோறு என்னாது கஞ்சிக்காடியைக் குறிக்கும் இழிசொல்லால் குறித்தல் வேண்டும். உண்ணப்போவதை நீர் குடிக்கப்போவதாகக் கூறல் வேண்டும். வீட்டை வெறுங்குடிசைக்குரிய பெயராலும், பெற்ற மக்களைக் குரங்கு, கன்று முதலிய விலங்குப் பெயராலும் சுட்டல் வேண்டும். மட்டீர் கூறுவது திருவிதாங்கூர் முழுமைக்கும் பொதுவான நிலை. மலையாளம் வழங்கிய பகுதிகளே அவர் கூற்றில் மிகுதி. எனினும் அவ்வரசின் ஆட்சிக்கு உட்பட்ட தென்வட்டங்களின் சமுதாய அமைப்பை அறியவும் அது துணைசெய்யும்.

ஈண்டுத் தமிழ் பயில்வார்க்கு ஓர் ஐயம் எழலாம். 'அடியேன்' என்பது ஆழ்வாரும் நாயன்மாரும் உவந்து ஏற்ற சொல்லன்றோ? அதனை இழிவெனக் கூறல் யாங்ஙனம் பொருந்தும்? விடை எளிது. அடியார் தாமே தேர்ந்து அச்சொல்லால் தம்மைக் குறித்தனர். வேண்டுமிடத்து 'யான்' என்றும் 'நான்' என்றும் அவர்களால் பாட முடிந்தது. இறைவனோடு ஊடிப் பேசவும் முடிந்தது. வயலில் நின்ற அடிமைக்கோ அத்தேர்வு இல்லை. ஒரே சொல், தேர்ந்து கொள்ளப்பட்டவிடத்துத் தன்னை உயர்த்துவதாகவும் திணிக்கப்பட்டவிடத்துத் தன்னை அழிப்பதாகவும் ஆயிற்று. தன்னுணர்வின் முதற்கூறு இத்தேர்வுரிமையே என்பது இதனால் பெறப்படும்.

மேலும், அவ்விதி மேலோர் முன்னிலைக்கே உரியது. குடிசைக்குள் தாய் தன் குழந்தையைக் கன்று என்றா அழைத்திருப்பாள்? தம்முள் பேசும்போது தன்மைப் பெயர் வழங்கியே இருக்கும். ஆகவே அம்மக்கள் இரண்டு மொழிகளில் வாழ்ந்தனர். ஒன்றில் தாம் ஆளாகவும் மற்றொன்றில் பொருளாகவும் இருந்தனர். இரண்டற்கும் இடைப்பட்ட வேறுபாட்டை நாள்தோறும் உணர்ந்தவர்க்கே பின்னர் அதனை எதிர்க்கும் ஆற்றல் உண்டாயிற்று.

அடிமைமுறையை நீக்குமாறு மிசன் தொண்டர்கள் 1847இல் மன்னருக்கு விண்ணப்பித்தனர். 1853இல் அரசின் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் மக்கள் உரிமையுடையோர் என்னும் ஆணை பிறந்தது. 1855ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் வெளியான ஆணை அடிமைமுறையை ஒழித்தது. இவ்வாணைகளுக்குச் சில பதிற்றாண்டுகள் முன்னரே நாகர்கோவிலில் வேறொரு வழியில் விடுதலை தொடங்கியிருந்தது. மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்பள்ளியில் ரேந்தைப் பின்னல் கற்பித்தார். அத்தொழிலால் ஈட்டிய பொருளைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்ற பெண்களைப் பற்றி மிசன் வரலாறு கூறும். விலைக்கு விற்கப்பட்ட உடலை அவ்வுடலின் உழைப்பாலேயே மீட்டுக்கொண்டமை, தன்னை உடைமையாகக் கொண்டிருந்தவன் கையினின்று தன்னைத் தானே வாங்கிக்கொண்டமை, தன்னுணர்வின் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது.

4. பெயர்

தன்மைப் பெயர்க்கு அடுத்து எண்ணத்தக்கது இயற்பெயர். பெயர் ஒருவற்கு உரியதாயினும் அதனை இடுவோரும் அழைப்போரும் பிறரே. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1938இல் எழுதிய கட்டுரையில், தனியாள் என்னும் கருத்து எல்லா மக்களிடத்தும் ஒரே வடிவில் இருந்ததன்று என்றும், பெயரும் குலத்தில் ஏற்கும் பாத்திரமுமாய்த் தொடங்கிப் பின்னரே அகத்தே நிலைபெற்றது என்றும் நிறுவினார். நாஞ்சில் நாட்டில் பெயரின் பொருட்டு எழுந்த வழக்குகள் இக்கருத்தைத் தெளிவாக்கும்.

சாமித்தோப்பில் பின்னர் வைகுண்டர் எனப் போற்றப்பட்ட பெரியார் 1809இல் பிறந்தார். பெற்றோர் அவர்க்கு இட்ட பெயர் 'முடிசூடும் பெருமாள்' என்றும், பனைத்தொழில் செய்யும் குலத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பெயர் ஆகாது என மேலோர் தடுத்தமையால் 'முத்துக்குட்டி' என மாற்றப்பட்டது என்றும் வரலாறு வழங்குகின்றது. ஒரு குழந்தையின் பெயரில் முடி என்னும் சொல் இருத்தலையும் பொறாத சமுதாயம் அது. 1833இல் திருச்செந்தூரினின்று மீண்டபின் அவர் 'வைகுண்டர்' என்னும் பெயரால் வெளிப்பட்டார். இது தாமே கொண்ட பெயர். தம்மைச் சார்ந்த ஆடவரைத் தலைப்பாகை அணிந்து வழிபடச் செய்தார். பெயரில் மறுக்கப்பட்ட முடி தலையில் துணியாக ஏறிற்று என்னலாம். ஒருவர்க்கு மறுக்கப்பட்டது எல்லோர்க்கும் உரியதாயிற்று.

தனியாளின் பெயரே அன்றிக் குலத்தின் பெயரும் இவ்வாறு மாறிற்று. அக்காலப் பதிவேடுகள் 'சாணார்' என எழுதிய மக்களை, 1841இல் இயற்றப்பட்டதாகக் கூறப்படும் அகிலத்திரட்டு அம்மானை 'சான்றோர்' என வழங்கிற்று. சென்னை அரசு தன் ஆவணங்களில் 'நாடார்' என்னும் பெயரை 1921இல் ஏற்றது. இவ்விரண்டற்கும் இடையே எண்பது ஆண்டுகள் கழிந்தன.

கிறித்தவம் தழுவியோரும் புதுப்பெயர் பெற்றனர். 1806இல் தென்திருவிதாங்கூர்க்கு வந்த ரிங்கல்தௌபே மயிலாடியைத் தம் பணிக்கு நடுவிடமாகக் கொண்டார். அங்கு அவர்க்கு வழிகாட்டியவர் மகாராசன் வேதமாணிக்கம். 'வேதமாணிக்கம்' என்பதே ஞானத்தீக்கையால் வந்த பெயர். தமிழ்ச் சொல்லால் அமைந்து, புதிய நெறியையும் அறிவிக்கும் இத்தகைய பெயர்கள் மிகப் பல. ஆனால் மறுபுறமும் உண்டு. மிசன் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளும் ஊழியரும், தம் செலவை ஏற்ற இங்கிலாந்து நன்கொடையாளரின் பெயரைத் தாங்கும் வழக்கமும் இருந்தது. பழைய உடையவன் இட்ட பெயர் நீங்கி, புதிய புரவலன் பெயர் வந்து சேர்ந்தது. ஆகவே பெயர்மாற்றம் ஒவ்வொன்றும் விடுதலை எனத் துணிதல் இயலாது. மாற்றியவர் யார், அதனைத் தாங்கியவர் தமதெனக் கொண்டனரா என்னும் இரண்டையும் உடன் ஆராய்தல் வேண்டும்.

5. உடை

உடைபற்றிய போராட்டம் தோள்சீலைக் கலகம் என்னும் பெயரால் பலரும் அறிந்தது. நாம் இங்கு அதனைத் தன்னுணர்வோடு தொடர்புடைய அளவிலேயே காண்போம்.

கீழ்நிலைப்படுத்தப்பட்ட குலத்துப் பெண்டிர் மேலாடை அணிதல் திருவிதாங்கூரில் தடுக்கப்பட்டிருந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, 1814இல், கிறித்தவராயின நாடார் பெண்டிர் குப்பாயம் அணிய இசைவு தரப்பட்டது. உயர்குலப் பெண்டிர் போன்று தோளில் சீலை இடுதற்கு இசைவில்லை. 1829ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் வெளியான அரசாணை இதனையே மீண்டும் வலியுறுத்திற்று. 1858ஆம் ஆண்டின் இறுதியிலும் 1859ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பூசல் முற்றிற்று. பெண்களின் ஆடை பொதுவிடங்களில் கிழிக்கப்பட்டது. கோயில்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் தலையிட்டதன் பின்னர், 1859ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மன்னர் ஆணை பிறப்பித்தார். கிறித்தவப் பெண்டிர் போன்று குப்பாயம் அணியலாம். மீனவப் பெண்டிர் போன்று முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலேனும் மார்பை மறைக்கலாம். உயர்குலப் பெண்டிர் அணியும் முறையில் மட்டும் அணியலாகாது.

இவ்வாணைகளின் சொல்லமைதி ஊன்றி நோக்கத்தக்கது. மறைத்தலுக்குத் தடை நீங்கியபின்னும் 'போன்று' என்னும் உவமவுருபு நீங்கவில்லை. இன்னார் போன்று உடுக்கலாம், இன்னார் போன்று உடுக்கலாகாது என்பதே சட்டத்தின் நடை. அஃதாவது அரசு அஞ்சியது உடலின் மறைப்பை அன்று. ஒருத்தியைக் கண்டவுடன் இவள் இன்ன குலத்தாள் என அறிய இயலாமற் போவதையே. உடை உடுத்தவளுக்கு உரியதாக இல்லாது காண்பவர்க்கு உரிய குறியாக இருந்தது. அப்பெண்டிர் கேட்டதோ, தம் உடல் பிறர் வாசிக்கும் ஏடாக இராது தமக்கு உரியதாதல் வேண்டும் என்பதாம்.

அவர்கள் எழுதி வைத்த கூற்று நமக்குக் கிடைத்திலது. எனினும், கிழிக்கப்படும் என அறிந்தும் மறுநாள் மீண்டும் மேலாடையோடு சந்தைக்குச் சென்ற செயலே ஒரு கூற்று எனக் கொள்ளத்தகும். தனியொருத்தி அவ்வாறு சென்றிருப்பின் ஊர் அவளைப் பித்தி என்றிருக்கும். பலர் ஒருங்கு சென்றமையாலேயே அஃது உரிமைக் கேள்வியாயிற்று. 'என் உடல்' என்பது ஈண்டு 'எம் பெண்டிர் உடல்' என்பதன் வழியே நிலைபெற்றது.

6. கண்ணாடி

அமெரிக்கச் சமுதாயவியலார் சார்லசு கூலி 1902இல் வெளியிட்ட நூலில் தன்னுணர்வைக் கண்ணாடியோடு ஒப்பிட்டார். பிறர் நம்மை எவ்வாறு காண்கின்றனர் எனக் கருதுகின்றோம்; அக்காட்சியை அவர் எவ்வாறு மதிக்கின்றனர் எனக் கருதுகின்றோம்; அதனால் பெருமிதமோ நாணமோ கொள்கின்றோம். இம்மூன்றும் கூடியதே தன்னுணர்வு என்பது அவர் கோட்பாடு. பிறர் முகமே கண்ணாடி என்பது இதன் சுருக்கம்.

கூலிக்கு முன்னரே நாஞ்சில் நாட்டில் உண்மைக் கண்ணாடியே வழிபாட்டில் இடம்பெற்றது. சாமித்தோப்புப் பதியின் பள்ளியறையிலும் அதனைச் சார்ந்த நிழல்தாங்கல்களிலும் கண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. நெற்றியில் நாமமும் தலையில் பாகையுமாய்ச் சென்று நிற்கும் அன்பர் அதில் தம் உருவத்தையே காண்பர். திருக்கோயில் வழிபாட்டில் இறைவனுக்குக் கண்ணாடி காட்டுதல் ஓர் உபசாரம். பகவதி கோயில்களில் கண்ணாடியைத் திருவுருவமாகக் கொள்ளுதலும் உண்டு. சாமித்தோப்பில் கண்ணாடியின் பயன் வேறாயிற்று. கோயிலுக்குள் புகுதலே தடுக்கப்பட்ட ஒருவன் கருவறைக்கு நேர் நின்று, அங்குத் தன்னைக் கண்டான். மருத்துவாழ்மலையில் தவமிருந்ததாகக் கூறப்படும் நாராயண குரு 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவியமையும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

கூலியின் கோட்பாட்டுக்கு இது மறுப்பா, துணையா? பிறர் முகமாகிய கண்ணாடியில் நாள்தோறும் இழிவையே கண்ட ஒருவன் அக்கோட்பாட்டின்படி என்றும் நாணத்திலேயே அழுந்தியிருத்தல் வேண்டும். அவன் அதனின்று மீண்டது, வேறொரு கண்ணாடி கிடைத்தமையால் ஆகும். அக்கண்ணாடியும் தனியறையில் இருந்ததன்று. பலர் கூடிய பதியில் இருந்தது. கூடியோர் 'அன்புக்கொடி மக்கள்' எனத் தம்மை அழைத்துக்கொண்டனர். பொதுக்கிணற்றில் நீர் எடுத்தனர். ஒரே பந்தியில் உண்டனர். வாகைப்பதியில் எழுநூறு குடும்பத்தார் கூடி நோற்றதாகக் கூறும் துவையல் தவத்தில் உடல் தூய்மையும் உணவு ஒழுக்கமும் பயிலப்பட்டன. அவரைக் கண்டு அவரை மதிக்கும் முகங்கள் அங்கு இருந்தன. எனவே கூலி கூறிய கண்ணாடி ஒன்றே அன்று. எக்கண்ணாடியின் முன் நிற்பது எனத் தேரும் உரிமையும் கூட்டத்தால் பெறத்தக்கது எனத் திருத்திக்கொள்ளலே பொருந்தும்.

அரசு இக்கூட்டத்தை அஞ்சிற்று. வைகுண்டர் சிறைப்படுத்தப்பட்டுத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் வைக்கப்பட்டார், பின்னர் விடுவிக்கப்பட்டார். 1851இல் அவர் மறைந்தபின்னும் நிழல்தாங்கல்கள் பெருகின.

7. வீட்டினுள்

இதுகாறும் கூறியன தாழ்த்தி வைக்கப்பட்டோரைப் பற்றியன. நிலமும் மதிப்பும் உடைய குடிகளில் தன்னுணர்வு இடரின்றி வளர்ந்தது எனக் கருதலாகாது. நாஞ்சில் நாட்டு வேளாளருள் ஒரு பகுதியார் மருமக்கள் வழியைப் பின்பற்றினர். காரணவர் ஈட்டியதும் காத்ததுமாகிய சொத்து அவர்தம் உடன்பிறந்தாள் மக்களைச் சேரும். மக்கள்வழியினரும் அருகே வாழ்ந்தமையால் இருமுறைகளும் நாள்தோறும் ஒப்புநோக்கப்பட்டன.

நாயர் குலத்து மருமக்கள் வழியினின்று இது ஒரு வகையில் வேறுபட்டது. அங்கே பிள்ளைகள் தாயின் தறவாட்டிலேயே வளர்ந்தனர். வாழுமிடமும் உரிமையுள்ள இடமும் ஒன்றாயின. நாஞ்சில் நாட்டிலோ மனைவி கணவன் இல்லத்தில் வாழ்ந்தாள். பிள்ளைகள் தந்தையின் மடியில் வளர்ந்தனர். தந்தை இறந்த அன்றே அவ்வீடு தந்தையின் மருமகனுடையதாயிற்று. மனைவி மக்கட்கு 'உகந்துடைமை' என்னும் பெயரால் ஒரு சிறு பங்கே உரியது. அதனைப் பெறவும் வழக்குமன்றம் ஏற வேண்டியிருந்தது. ஆகவே இம்முறையில் வளர்ந்த ஒருவனுக்கு அன்பு ஓரிடத்தும் உரிமை வேறோரிடத்துமாகப் பிரிந்து நின்றது. தான் யார் மகன் என்பது ஒன்று. தான் யாருடைய அனந்தரவன் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் பொருந்தாமையே அவ்வாழ்வின் துன்பம்.

அத்துன்பத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூலில் பாடினார். இது 'தமிழன்' இதழில் 1917ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து வெளியாயிற்று. தேரூரில் பிறந்து, ஆசிரியப் பணிபுரிந்து, கல்வெட்டாராய்ச்சியிலும் ஈடுபட்ட கவிமணிக்கு இந்நாட்டு வழக்குகள் அனைத்தும் நன்கு தெரிந்தவை. நூலை நகைச்சுவை நூல் என்றே பலரும் பாராட்டுவர். நம் ஆய்வுக்கு அதன் கூற்றமைப்பே முதன்மையானது. பல மனைவியரை மணந்த ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே கூறுவதாக நூல் அமைந்துள்ளது. சொத்துரிமை இல்லாதவளும், ஆவணங்களில் என்றும் படர்க்கையாகவே நின்றவளுமாகிய ஒரு பெண்ணைத் தன்மைக் கூற்றில் நிறுத்திப் பேச வைத்தார் கவிமணி. 'குலமுறை கிளத்து படலம்' முதலிய காப்பியத் தலைப்புகளை மேற்கொண்டு, அவற்றுள் அடுக்களைப் பூசலையும் வழக்குமன்றச் செலவையும் நிரப்பினார். அரசர்க்குரிய காப்பிய நடை ஓர் இல்லக்கிழத்தியின் கூற்றுக்கு உரியதாயிற்று.

பாடியவர் ஆடவர், ஆகவே அப்பெண்ணின் 'நான்' அவருடைய இரவல் என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், கேட்டோர் தம் வீட்டுப் பெண்களின் பேச்சையே அதில் கேட்டனர் என்பதனாலன்றோ அந்நூல் சீர்திருத்த இயக்கத்திற்குப் படைக்கலமாயிற்று? கொல்லம் 1101ஆம் ஆண்டில், அஃதாவது 1926இல், திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் உருவாயிற்று. மனைவி மக்களின் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. நடுவணரசு 1956இல் இயற்றிய இந்து வாரிசுரிமைச் சட்டமும் மருமக்கள் வழியை வரையறுக்குமிடத்து இச்சட்டத்தைப் பெயர்சுட்டிக் கூறும்.

இதன் மறுபக்கத்தையும் கூறாது விடல் நேர்மையன்று. தாய்வழியில் பெண் தன் பிறந்த குடியின் உரிமைக்கு வேராக நின்றாள். உடன்பிறந்தான் சொத்து அவள் வயிற்றின் வழியே சென்றது. புதிய முறையில் அவள் மனைவியாகவும் தாயாகவும் உரிமை பெற்றாள். உடன்பிறந்தாளாக இருந்த உரிமையை இழக்கலானாள். சீர்திருத்தத்தால் முழுமை பெற்ற தன்னுணர்வு முதற்கண் தந்தையாகிய ஆடவனுடையதே.

8. ஒரே ஆண்டு, இருவேறு வழக்குகள்

வேளாளர் சட்டம் பிறந்த அதே 1926இல் சுசீந்திரத்தில் ஒரு சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. தாணுமாலயன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமையை ஒடுக்கப்பட்டோர் கேட்டனர். எம். இ. நாயுடு போன்றோர் அதனை முன்னின்று நடத்தினர். திருவிதாங்கூரில் கோயில் நுழைவு ஆணை 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாளே வெளியாயிற்று.

ஒரு வண்டித் தொலைவுக்குள் வாழ்ந்த மக்களில் ஒரு சாரார் தந்தை வீட்டில் பங்கு கேட்ட ஆண்டில், மற்றொரு சாரார் தெருவில் கால்வைக்க இடம் கேட்டனர். இருவர் வழக்கும் தன்னுணர்வின் வழக்கே. ஆயினும் இரண்டும் ஒரு வழக்காக இணைந்தில. முன்னையோர் 'நாம்' என்றபோது பின்னையோர் அதனுள் இலர். இலக்கண நூலார் மொழியிற் கூறுவதாயின், அது கேட்போரை விலக்கிய 'யாம்' ஆகவே நின்றது. 1859ஆம் ஆண்டு ஆணை ஒரு குலத்திற்கு உரிமை தந்தபோதும் இவ்வாறே எல்லை இட்டது. உரிமை பெற்ற ஒவ்வொரு கூட்டமும் தனக்குக் கீழே நின்றோரைத் தன் பன்மைக்குள் உளப்படுத்திற்றா என்னும் வினா, நாஞ்சில் நாட்டு வரலாறு எழுதுவார் ஒவ்வொருவரும் எழுப்பிக்கொள்ள வேண்டியது.

பின்னர் எழுந்த தாய்த்தமிழக இணைப்புப் போராட்டம் மொழியை அடிப்படையாகக் கொண்டமையால் குலங்களைக் கடந்த ஒரு பன்மையை நாடிற்று. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் மார்சல் நேசமணியின் தலைமையும் பல குலத்தாரையும் ஒரு மேடையில் நிறுத்தின. 1954ஆம் ஆண்டு ஆகத்து 11ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. 1956இல் இணைப்பு நிறைவேறிற்று. 'நான் தமிழன்' என்று சொல்லுதற்கு 'நாம் தமிழர்' என்னும் உணர்வு முந்துற்று வேண்டியிருந்தது என்பதற்கு இது அண்மைக் காலத்துச் சான்று. அவ்வுணர்வு பழைய வேலிகளை எல்லாம் அகற்றிவிட்டது எனக் கூற நாம் துணியோம்.

9. முடிபு

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். முதலாவது, தன்னுணர்வு அகத்தே மட்டும் விளைவதன்று. அது தன்மைப் பெயர், இயற்பெயர், உடை, உறையுள், உரிமை ஆகிய புறக்குறிகளில் தங்கி நிற்கின்றது. அக்குறிகள் பிறர் கையில் இருக்கும்வரை ஒருவன் தன்னைத் தனக்குரியவனாக உணர்தல் அரிது. இரண்டாவது, அவற்றைத் தம் கைக்கு மீட்டோர் தனித்து நின்று மீட்டிலர். பதியிலும் பள்ளியிலும் சந்தையிலும் வழக்குமன்றத்திலும் பலராய்க் கூடி நின்றே மீட்டனர். 'நாம்' முன்னும் 'நான்' பின்னுமாகப் பிறந்தன என மொழிநூலார் கூறும் முறை இங்கு வாழ்வின் முறையாகவும் காணப்படுகின்றது. மூன்றாவது, அப்பன்மை எத்துணை விரிந்ததோ அத்துணையே அதனுள் பிறந்த தன்னுணர்வும் நிறைவுற்றது. பன்மை சுருங்கியவிடத்து ஒருவன் பெற்ற உரிமை மற்றொருவனுக்கு வேலியாயிற்று.

அடிமை ஓலைகளை இனிப் படிக்கும் மாணாக்கர் அவற்றில் வரும் பெயர்களை விலைப்பட்டியலின் உறுப்பாகக் கொண்டு கடந்து செல்லாதிருத்தல் வேண்டும். அப்பெயர் தாங்கியவர் தம் குடிசைக்குள் 'நான்' என்று சொன்னவரே. ஓலை எழுதியவன் அதனைக் கேட்டிலன் என்பதே ஓலை நமக்குக் காட்டும் செய்தி. நிலத்தையும் கோயிலையும் அரசையும் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்ட இந்நாட்டின் வரலாற்றில், கேட்கப்படாத அத்தன்மைக் கூற்றுகளைத் தேடித் தொகுக்கும் பணி இன்னும் பெரிதும் எஞ்சியுள்ளது.